கதிரவனின் எல்லைக்கோடு

ஊருக்கு எல்லை குறிக்க ஒரு கல் போதும். கதிரவன் ஆளும் பரப்புக்கு எல்லை எது? இவ்வினாவுக்கு விடை காண அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

1958-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் பார்க்கர், கதிரவனிலிருந்து மின்துகள்கள் காற்றைப்போல் எத்திசையும் இடையறாது வீசுகின்றன என்று எழுதினார். அதனை மதிப்பிட்ட அறிஞர்கள் ஏற்க மறுத்தனர். இதழாசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கும் அக்கருத்தில் உடன்பாடில்லை. ஆயினும் கணக்கில் பிழை காணப்படாமையால் கட்டுரையை வெளியிட்டார். 1962-இல் வெள்ளியை நோக்கிச் சென்ற மாரினர்-2 விண்கலம் அக்காற்றை வழியெல்லாம் அளந்து உறுதிசெய்தது.

வீசும் காற்று எங்கேனும் ஓய வேண்டுமன்றோ? விண்மீன்களுக்கிடையே பரவியுள்ள மெல்லிய பிளாஸ்மா அதனைத் தடுத்து நிறுத்தும் இடமே அக்காற்றின் எல்லை. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் கலங்கள் இரண்டும், கோள்களைக் கண்டு முடித்தபின் அவ்வெல்லையை நாடிச் சென்றன.

2012 ஆகஸ்ட் 25 அன்று, ஏறத்தாழ 1,800 கோடி கிலோமீட்டர் தொலைவில், வாயேஜர்-1 கலத்தைச் சுற்றியிருந்த கதிரவத் துகள்கள் மறைந்தன, அண்டக்கதிர்கள் பெருகின. எல்லை கடந்தாயிற்று என்று அன்றே முழங்கியிருக்கலாம். ஆனால், காந்தப்புலத்தின் திசை எதிர்பார்த்தபடி மாறவில்லை. பிளாஸ்மாவை நேரே அளக்கும் கருவியோ 1980-இலேயே பழுதாகியிருந்தது. திட்டத்தின் தலைமை அறிவியலாளர் எட்வர்டு ஸ்டோன் சான்றுக்காகக் காத்திருந்தார்.

சான்றைக் கதிரவனே அனுப்பியது. 2012 மார்ச்சில் அதில் நிகழ்ந்த வெடிப்பின் அலை, 13 மாதங்கள் பயணம் செய்து, 2013 ஏப்ரலில் கலத்தைச் சேர்ந்தது. சூழ்ந்திருந்த பிளாஸ்மா, மீட்டிய நரம்பென அதிர்ந்தது. அவ்வதிர்விலிருந்து டொனால்டு கர்னெட் குழுவினர் அடர்த்தியைக் கணித்தனர். அது எல்லைக்குள் எதிர்பார்க்கக்கூடியதைவிட ஏறத்தாழ 40 மடங்கு மிகுந்திருந்தது. 2013 செப்டம்பரில்தான் உலகுக்கு அறிவித்தனர். 2018 நவம்பர் 5 அன்று எல்லை கடந்த வாயேஜர்-2, பழுதுபடாத தன் கருவியால் அம்மாற்றத்தை நேரடியாகவே அளந்து காட்டிற்று.

இதுவும் காற்றின் எல்லையே, ஈர்ப்பின் எல்லையன்று. வால்மீன்கள் உறைவதாகக் கருதப்படும் ஊர்ட் மேகத்தின் உள்விளிம்பை வாயேஜர்-1 எட்டவே சுமார் 300 ஆண்டுகள் ஆகும். அதற்குள் அதன் மின்னாற்றல் தீர்ந்துபோம்; குரலும் அடங்கிவிடும்.

ஐம்பது ஆண்டுகள் அப்பணியில் நிலைத்த ஸ்டோன் 2024-இல் மறைந்தார். தாம் ஒப்பாத கருத்துக்கு இடமளித்த சந்திரசேகரும், விரும்பிய முடிவையே சான்று வரும்வரை அறிவியாத ஸ்டோனும் காட்டிய நெறி ஒன்றே: உண்மை நம் விருப்பத்துக்கு உட்பட்டதன்று. அந்த அடக்கமே அத்தொலைவை அளக்க உதவிய முதற்கருவி.