தாடையில் கை ஊன்றித் தூங்கும் பாப்பா போட்டோ... எப்படி எடுக்குறாங்க? நியூபார்ன் ஷூட்டுக்கு முன்னாடி பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பிறந்து பத்தே நாள் ஆன குழந்தை. முழங்கைகளை ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளிலும் தாடையைத் தாங்கிக்கொண்டு, தவளை மாதிரி உட்கார்ந்தபடியே தூங்குகிறது. இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு போட்டோவைப் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்ததும் 'நம்ம பாப்பாவுக்கும் இப்படி ஒண்ணு எடுக்கணும்' என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் அது ஒரே போட்டோ கிடையாது. இரண்டு போட்டோக்கள். ஒரு படத்தில் யாராவது ஒருவர் குழந்தையின் தலையைப் பிடித்திருப்பார். இன்னொரு படத்தில் மணிக்கட்டுகளைப் பிடித்திருப்பார். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒட்டி, பெரியவர்களின் கைகளை அழித்துவிடுவார்கள். பச்சிளம் குழந்தையால் தன் தலையைத் தானே தாங்க முடியாது. கழுத்து நன்றாக நிற்கவே மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். இது தெரியாமல் வீட்டிலேயே குழந்தையை அப்படி உட்கார வைத்துப் பார்ப்பதும், அனுபவமில்லாத போட்டோகிராபர் ஒரே ஷாட்டில் அதை எடுக்க முயல்வதும்தான் ஆபத்து.

துணி ஊஞ்சலில் தொங்கும் குழந்தை, மரக்கிளையில் படுத்திருக்கும் குழந்தை போன்ற படங்களும் பெரும்பாலும் இதே கதைதான். குழந்தை கீழே மெத்தையில் பத்திரமாகப் படுத்திருக்கும்; கிளையும் கயிறும் பிறகு வந்து சேரும். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கெடஸ் என்ற போட்டோகிராபர் 1996-ல் வெளியிட்ட 'டவுன் இன் தி கார்டன்' புத்தகத்தில் பூக்களுக்கும் செடிகளுக்கும் நடுவே குழந்தைகளை வைத்துக் காட்டியது உலகம் முழுக்கப் பிரபலம். இன்று நம்ம ஊர் ஸ்டுடியோக்களில் கூடையும் பூவும் வந்து நிற்பதில் அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு.

14 நாள் கெடு... யாருக்கு?

'பிறந்த 5-ம் நாளிலிருந்து 14-ம் நாளுக்குள் எடுத்துடணும், இல்லைன்னா முடியாது' என்று பல ஸ்டுடியோக்கள் சொல்வதுண்டு. இதில் உண்மை இருக்கிறது. முதல் இரண்டு வாரங்களில் குழந்தை ஒரு நாளில் சுமார் 16 மணி நேரம் தூங்கும். வயிற்றுக்குள் இருந்ததுபோலவே கை, காலைச் சுருட்டி வைத்திருக்கும். அதனால் போஸ் வைப்பது எளிது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் விழித்திருக்கும் நேரம் கூடும், கை கால் நீளும், முகத்தில் சின்னச் சின்னப் பருக்களும் வரலாம்.

ஆக, அந்தக் கெடு போஸுக்கானது. குழந்தைக்கானது இல்லை. மருத்துவ ரீதியாகப் பார்த்தால் அதே இரண்டு வாரம்தான் அதிகக் கவனம் தேவைப்படும் காலம். முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மறுபடி கூடும். நிறைமாதக் குழந்தைகளிலேயே பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை எட்டிப்பார்க்கும். தாய்ப்பால் பழகுவதும் இந்த நாட்களில்தான். சிசேரியன் ஆன அம்மாவுக்கு எழுந்து உட்காருவதே பெரிய வேலை.

நம்ம வீடுகளில் இன்னொரு விஷயமும் உண்டு. தீட்டு, 30 நாள், 40 நாள் என்று குழந்தையையும் அம்மாவையும் வெளியே விட மாட்டார்கள். ஸ்டுடியோவுக்குப் போகணும் என்றால் மாமியாரோடு ஒரு பஞ்சாயத்து நடக்கும். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் என்ன நம்பிக்கை இருந்தாலும், பச்சிளம் குழந்தையைக் கூட்டத்தில் கொண்டுபோகாமல் இருப்பது தொற்றைத் தடுக்க உதவும். போட்டோகிராபரை வீட்டுக்கு வரச் சொல்வது இரண்டு தரப்புக்கும் ஒத்துவரும் வழி. முந்தைய தலைமுறையில் குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்க ஆரம்பித்த பிறகுதான் ஸ்டுடியோவுக்கே தூக்கிப்போவார்கள். இடுப்பில் அரைஞாண் கயிறு மட்டும் கட்டி, மேஜையில் குப்புறப் படுக்க வைத்து எடுத்த அந்தப் படம் பல வீட்டு ஆல்பங்களில் இன்னும் இருக்கிறது. 14 நாள் தவறிவிட்டால் எதுவும் கெட்டுப்போவதில்லை.

குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த நாள் கணக்கே பொருந்தாது. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு மட்டுமே யோசிக்கணும்.

புக் பண்றதுக்கு முன்னாடி என்ன கேட்கணும்?

'இந்தத் தவளை போஸ் எப்படி எடுப்பீங்க?' இந்த ஒரு கேள்வியே போதும். இரண்டு படங்களாக எடுத்து இணைப்போம் என்று தயங்காமல் சொன்னால் அவருக்குத் தொழில் தெரியும். 'அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்' என்றால் வேறு ஆள் பார்ப்பது நல்லது. கல்யாண வீடுகளில் அருமையாகப் படம் எடுப்பவருக்குப் பச்சிளம் குழந்தையைக் கையாளத் தெரிந்திருக்கும் என்று அர்த்தமில்லை.

கேமராவைப் பிடிப்பவரைத் தவிர, குழந்தைக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்க ஒரு ஆள் வேண்டும். அது உதவியாளராகவும் இருக்கலாம், அப்பாவாகவும் இருக்கலாம். லைட் ஸ்டாண்டு சரியாமல் இருக்க அடியில் மணல் மூட்டை வைப்பார்களா, போர்த்தும் துணிகளை ஒவ்வொரு குழந்தைக்கும் துவைத்துத்தான் பயன்படுத்துகிறார்களா, வருகிறவர்களில் யாருக்காவது சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றித் தருவார்களா என்பதையும் முன்பே கேட்டுக்கோங்க. கண்ணாடி ஜாடி, பீங்கான் கிண்ணம் போன்ற உடையும் பொருட்களுக்குள் குழந்தையை வைக்கும் போஸை நேரடியாகவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பிரசவத் தேதியை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் உத்தேசத் தேதியைச் சொல்லி வைத்து, குழந்தை பிறந்த பிறகு நாளை முடிவு செய்துகொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்க. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அட்வான்ஸ் பணம் என்ன ஆகும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஷூட் அன்றைக்கு...

போஸ் வைப்பதற்குச் சற்று முன் வயிறு நிறையப் பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, ஒரு பதினைந்து நிமிடம் தோளில் போட்டு வைத்திருக்கணும். பால் குடித்த உடனே சுருட்டிப் படுக்க வைத்தால் கக்கிவிடும். இந்த வயதில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் தேவைப்படும். ஷூட் இரண்டு முதல் நான்கு மணி நேரம்வரை போகலாம் என்பதால் நடுவில் நிறுத்தித்தான் ஆகணும். 'இன்னும் ரெண்டே ஷாட்' என்று அழும் குழந்தையைக் காக்க வைக்க வேண்டாம். தூங்க வைக்கச் சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர் எதையும் தொட்டு வைக்கவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற கடுமையான பாதிப்பு வரக்கூடும்.

உடைகளைப் பொறுத்தவரை தலைவழியாக மாட்டும் சட்டை வேண்டாம். முன்பக்கம் நாடா கட்டும் சட்டையாக இருந்தால், தூங்கும் குழந்தையை எழுப்பாமல் கழற்றலாம். டயப்பரையும் அரை மணி நேரம் முன்பே தளர்த்திவிட்டால் எலாஸ்டிக் தழும்பு படத்தில் தெரியாது. அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் தோல் வெளிச்சத்தில் மினுங்கும் என்பது ஒரு பிரச்னை. தூக்கும்போது வழுக்கும் என்பது அதைவிடப் பெரிய பிரச்னை.

துணியில்லாமல் எடுக்கப்போகிறார்கள் என்றால் அறையின் வெப்பம் முக்கியம். பச்சிளம் குழந்தைக்கு நம்மைப்போல நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. ஏசியை நிறுத்திவிட்டு அறையை 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை வைத்தால் போதும். சென்னை, மதுரை வெயிலில் பெரும்பாலும் ஹீட்டரே தேவைப்படாது. வைத்தே ஆகணும் என்றால் காற்று குழந்தை மேல் நேராகப் படக்கூடாது. குழந்தையின் நெஞ்சையோ பிடரியையோ தொட்டுப் பாருங்க. வேர்த்திருந்தால் அதிகச் சூடு, சில்லென்று இருந்தால் குளிர்.

துணியில் பொட்டலம் மாதிரி சுற்றும்போது நெஞ்சை இறுக்கக் கூடாது. கால்களை நேராக நீட்டிக் கட்டுவதும் தப்பு. முழங்கால் மடங்கி, தொடை வெளிப்பக்கம் விரிய இடம் இருந்தால்தான் இடுப்பு மூட்டுக்கு நல்லது.

இதை மட்டும் கண்ணெடுக்காமல் பாருங்க

எந்த போஸாக இருந்தாலும் தாடை நெஞ்சில் ஒட்டிவிடக் கூடாது. பச்சிளம் குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது. தலை முன்னால் தொங்கினால் சத்தமே இல்லாமல் அடைபட்டுவிடும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியாவது இருக்கணும். குழந்தையின் கை, கால் நீலமாகவோ சிவந்தோ மாறினால் அந்த போஸைக் கலைத்துவிடணும். உதடு, நாக்கு நீலமானாலோ, மூக்கு விடைத்து விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கும்படி மூச்சு வாங்கினாலோ ஷூட்டை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போகணும். 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். 28 நாளுக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தாலும் அதே அவசரம்தான்.

ஷூட்டில் குப்புறப் படுக்க வைத்தபோது நன்றாகத் தூங்கியதே என்று வீட்டிலும் அப்படித் தூங்க வைக்காதீங்க. அங்கே ஒரு ஆள் பக்கத்திலேயே கை வைத்துக்கொண்டு நிற்பார். வீட்டில் எப்போதும் மல்லாக்கத்தான்.

தொப்புள்கொடி ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் தானாகக் காய்ந்து விழும். படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று இழுக்கக் கூடாது. ஒரு துணியை மேலே போட்டாலே மறைந்துவிடும். அதேபோல மஞ்சள் காமாலையை எடிட்டிங்கில் எடுத்துவிடலாம்தான். ஆனால் கண்ணின் வெள்ளைப்பகுதி மஞ்சளாக இருந்தாலோ, மஞ்சள் வயிறு, கால்வரை பரவியிருந்தாலோ முதலில் பார்க்க வேண்டியவர் மருத்துவர்.

ஃபிளாஷ் பட்டால் கண் போயிடுமா என்பது பாட்டிகளின் நிரந்தரச் சந்தேகம். சாதாரண கேமரா ஃபிளாஷ் குழந்தையின் பார்வையைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கூசும் என்பதால் குடை, மெல்லிய திரை வைத்து வெளிச்சத்தை மென்மையாக்குவார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் கண்ணின் நடுவே சிவப்புக்குப் பதிலாக வெள்ளையாகத் தெரிந்துகொண்டே இருந்தால் உடனே கண் மருத்துவரிடம் காட்டணும். கண்புரை, விழித்திரைப் புற்றுநோய் போன்றவற்றின் அறிகுறியாக அது இருக்கலாம்.

கண் மை விஷயத்தில் பாட்டியோடு கொஞ்சம் பேசித்தான் ஆகணும். பல மைகளில் காரீயம் கலந்திருப்பதால் கண்ணுக்குள் தீட்டக் கூடாது. மணி வளையல், கழுத்துக் கயிறு, உதிரக்கூடிய முத்து இவற்றைப் படம் எடுக்கும் நேரத்திலாவது கழற்றிவிடலாம். சாம்பிராணிப் புகையைப் பின்னணியாக வைத்துப் படம் எடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே தடுத்துவிடுங்க.

செலவில்லாம வீட்டிலேயே எடுக்க முடியாதா?

தாராளமா முடியும். காலை பத்து மணி வாக்கில் வெயில் நேராக விழாத ஒரு ஜன்னல், கட்டிலில் ஒரு வெள்ளை வேட்டி, ஒரு செல்போன். டியூப் லைட்டை அணைத்துவிடுங்க, இல்லையென்றால் இரண்டு வெளிச்சமும் கலந்து முகம் பச்சையடிக்கும். ஜன்னல் வெளிச்சம் குழந்தையின் தலைப்பக்கத்திலிருந்து தாடையை நோக்கிச் சாய்வாக விழணும். லென்ஸை ஒருமுறை துடைத்துக்கோங்க. முகத்துக்கு நேர் மேலே போனைப் பிடிக்க வேண்டாம். நழுவினால் குழந்தை மேல்தான் விழும். பக்கவாட்டில் உட்கார்ந்து எடுங்க. அப்பாவின் விரலைப் பிடித்திருக்கும் கை, பாதத்தின் சுருக்கங்கள், அம்மாவின் பழைய சேலையில் கட்டிய தூளி... இதற்கெல்லாம் எந்த போஸும் தேவையில்லை.

போட்டோ யாருக்குச் சொந்தம்?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-வது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதாவது பெற்றோர். ஆனால் 'வேறு ஒப்பந்தம்' என்ற அந்த வார்த்தையைக் கவனிங்க. ஸ்டுடியோ நீட்டும் படிவத்தில், விளம்பரத்துக்கும் சமூக வலைதளத்துக்கும் படங்களைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கலாம். விருப்பம் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். உடையில்லாத படங்களை இணையத்தில் போடக் கூடாது என்பதைத் தனியாக எழுதி வாங்கணும். எடிட் செய்த படங்கள் எத்தனை, எடிட் செய்யாதவை கிடைக்குமா, எத்தனை நாளில் தருவார்கள் என்பதும் அதே தாளில் இருந்தால் பின்னால் பேச்சு வராது.

மருத்துவமனையில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதாக இருந்தால் குழந்தையின் கையில் கட்டிய பட்டையை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்க. அம்மா பெயர், பிறந்த தேதி, நேரம் எல்லாம் அதில்தான் எழுதியிருப்பார்கள். அதை மறைத்துவிட்டுப் போடலாம்.