பெங்களூரில் கிளாரினெட் கத்துக்கப் போறீங்களா? ஆசிரியர் எந்த வழியில் வந்தவர்னு முதல்ல கேளுங்க

ஃபீஸ் எவ்வளவு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், சனிக்கிழமை வகுப்பு உண்டா: பெங்களூரில் எந்த கிளாஸில் சேர்ந்தாலும் இதெல்லாம் கேட்போம். கிளாரினெட் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். "சார், நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" பதிலைப் பொறுத்து நீங்கள் வாங்க வேண்டிய வாத்தியமே மாறலாம்.

ஒரே வாத்தியத்துக்கு ஏன் இத்தனை வழி?

1700 வாக்கில் ஜெர்மனியின் நூரம்பர்க்கில் டென்னர் என்பவர் உருவாக்கிய கருவி இது. இங்கே வெள்ளைக்காரர்களின் பேண்டுகளோடு வந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரியில் முகவீணையின் இடத்தைப் பிடித்துவிட்டது. மகாதேவ நட்டுவனாரைத்தான் இதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள்.

பேண்டில் வாசித்தவர்

அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் இருக்கும் ஊர் இது. ராணுவ இசைக் கலைஞர்கள் மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் பயிற்சி பெறுகிறார்கள். அந்த வழியில் வந்தவரிடம் மூச்சுக் கட்டுப்பாடு, நோட்டேஷன், நேரம் தவறாமை மூன்றும் கண்டிப்பாகக் கிடைக்கும். கமகம் எதிர்பார்க்காதீர்கள்.

கிரேடு முடித்தவர்

லண்டன் ட்ரினிட்டி போன்ற தேர்வுகளில் 8 கிரேடு வரை உண்டு. ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்க ஆசை, இல்லை பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டும் என்றால் இதுதான் நேரான பாதை.

கர்நாடக சங்கீத வழி

ஏ.கே.சி. நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 1931இல் பிறந்தவர், திருச்சிக்காரர். அப்பாவே கிளாரினெட் கலைஞர். ஆனாலும் பாட்டு கற்றது ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம், நாகஸ்வரம் இலுப்பூர் நடேச பிள்ளையிடம். ராஜரத்தினம் பிள்ளை இவருக்குத் தந்த பட்டம் 'கிளாரினெட் எவரெஸ்ட்'. 2008இல் சங்கீத கலாநிதி, 2022இல் பத்மஸ்ரீ.

கர்நாடகத்திலேயே இன்னொரு உதாரணம், ராய்ச்சூர் பக்கத்து நரசிம்மலு வடவாட்டி. கிளாரினெட்டில் இந்துஸ்தானி வாசித்தவர். இவருடைய குரு சித்தராம ஜம்பலதின்னியும் ஒரு பாடகர்தான். இது தற்செயல் இல்லை. நாகஸ்வரத்தில் 7 விரல் துளைகள், சாவி கிடையாது. சாதாரண கிளாரினெட்டிலோ 17 சாவிகள். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக உதட்டையும் மூச்சையும்தான் நம்ப வேண்டும். எங்கே வழுக்க வேண்டும் என்பது பாட்டு தெரிந்தால்தான் தெரியும். அதனால் ராகம் கற்றுத்தருபவர் முதலில் உங்களைப் பாடச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

சான்றிதழ் இல்லாதவரிடம் போகலாமா?

போகலாம். நாகஸ்வரக் குடும்பத்திலிருந்தோ கல்யாண பேண்டிலிருந்தோ வந்தவர்களிடம் ஃப்ரேம் போட்டு மாட்ட எதுவும் இருக்காது. காகிதம் கேட்கும் இடங்களில் இவர்களுக்குக் கதவு எளிதில் திறப்பதில்லை. நஷ்டம் அவர்களுக்கு மட்டுமில்லை. காதால் கேட்டதை அப்படியே வாசிக்கும் திறமையை எந்த கிரேடு புத்தகமும் தராது.

வாத்தியம் எப்போது வாங்குவது?

ஆசிரியரைப் பார்த்த பிறகு. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது போம் முறை. பழைய கலைஞர்களிடம் ஆல்பர்ட் முறையும் இருக்கும். இரண்டுக்கும் விரல் வைப்பு வேறு. ஒன்றில் பழகிவிட்டு மாறினால் மாதக்கணக்கில் தடுமாறுவீர்கள். ஆன்லைன் ஆஃபரைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று: பரவலாக விற்பது பி ஃப்ளாட் கிளாரினெட். நீங்கள் 'சி' வாசித்தால் கீபோர்டின் பி ஃப்ளாட்தான் கேட்கும். ரூம்மேட் கீபோர்டோடு சேர்ந்து வாசித்து ஒத்துவரவில்லை என்றால், தப்பு உங்கள் மேல் இல்லை.

முதல் சந்திப்பில் என்ன கேட்கலாம்?

மேற்கத்திய இசை என்றால், புதிய பக்கம் ஒன்றை அங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள். கர்நாடக இசை என்றால், மோகனத்தை நிதானமாக ஐந்து நிமிடம். மரியாதையாகக் கேட்டால் நல்ல வாத்தியார் சந்தோஷமாகவே வாசிப்பார்.