உரோம வெள்ளிக் காசுகளில் படமும் எழுத்தும்

தென்னிந்தியாவில் குவியலாகக் கிடைத்துள்ள உரோம வெள்ளிக் காசுகளில், அதாவது தெனாரியங்களில், இரண்டு வகைகளே மிகுதி. உடுமலைப்பேட்டைப் பகுதியின் பூதிநத்தம் புதையலும், நல்கொண்டா மாவட்டத்து அக்கன்பள்ளிப் புதையலும் இதற்குச் சான்று.

முதல் வகை, அகஸ்டஸ் பேரரசர் கி.மு. 2 முதல் லுக்துனம் (இன்றைய லியோன்) அக்கசாலையில் வெளியிட்டது. முன்பக்கத்தில் வாகை சூடிய அவரது தலை. பின்பக்கத்தில் தத்துப் பிள்ளைகளான காயஸும் லூசியஸும் கேடயம், ஈட்டிகளுடன் நிற்கின்றனர். அடுத்த அரசுரிமை யாருக்கு என்பதை அறிவித்த படம் அது. ஆனால் லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்தனர். அறிவிப்பு பொய்த்த பின்னரும் காசு கடல் கடந்து புழங்கியது. இரண்டாம் வகை திபேரியஸுடையது. அதன் பின்பக்கத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண்ணை அவர் தாய் லிவியா என்று பலர் கொள்வர்.

இவை இரண்டும் பெருமளவில் அடிக்கப்பட்டவை, நல்ல வெள்ளி, தோற்றமும் நெடுங்காலம் மாறாதது. கி.பி. 64இல் நீரோ தெனாரியத்தின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தபோது பழங்காசுகளின் மதிப்பு மேலும் உயர்ந்தது. ஆகவே காசு அடிக்கப்பட்ட ஆண்டையே அது இங்கு வந்த ஆண்டாகக் கொள்ள இயலாது.

வணிகருக்கு அப்படம் அரசியல் செய்தியன்று, வெள்ளியின் தரத்துக்கான முத்திரை. தென்னிந்தியாவில் கிடைக்கும் போலிக் காசுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றில் தலை ஓரளவு தலையாகவே நிற்க, விளிம்பைச் சுற்றிய இலத்தீன் எழுத்துகள் பொருளற்ற கோடுகளாகச் சிதைந்துள்ளன. படம் பார்க்கப்பட்டது, எழுத்து படிக்கப்படவில்லை.

கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்து, இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட சேரர் வெள்ளிக் காசில் அடுத்த கட்டம் தெரிகிறது. அதிலும் உரோமப் பாணியை நினைவூட்டும் பக்கவாட்டுத் தலை உண்டு. ஆனால் இலத்தீன் இருந்த இடத்தில் தமிழ்ப் பிராமியில் ‘மாக்கோதை’ என்ற பெயர். சிதைந்த கோடுகளின் இடத்தைப் படிக்கத்தக்க எழுத்து பிடித்துக்கொண்டது.

ஆந்திர நிலத்தை ஆண்ட சாதவாகனரின் வெள்ளிக் காசுகள் இன்னும் ஒரு படி சென்றன. மேற்குச் சத்திரபரின் காசுகளை ஒட்டி அவையும் மன்னர் தலையை ஏற்றன. ஒரு பக்கத்தில் பிராகிருதம். மறுபக்கத்தில் ஒரு திராவிட மொழி. ‘ஸிரி’ என்பதற்கு ஈடாகத் ‘திரு’, ‘புத’ என்பதற்கு ஈடாக ‘மகன்’, ‘ஸ’ உருபுக்கு ஈடாகக் ‘கு’ என அறிஞர் படித்துள்ளனர். அது தமிழா, தமிழுக்கும் தெலுங்குக்கும் நெருங்கிய வேறொரு வழக்கா என்ற விவாதம் நீடிக்கிறது.

அவ்விவாதத்தின் முடிவு எதுவாயினும் ஒன்று உறுதி. தலையைப் பொறிக்கும் வழக்கம் வெளியிலிருந்து வந்தது. அந்தத் தலை யாருடையது என்பதை மக்கள் மொழியில் எழுதிக் காட்டும் தேவை இம்மண்ணில் எழுந்தது. காசின் படத்தை மட்டும் ஆராய்ந்து எழுத்தை விடுவது, பாதிச் சான்றை விடுவதாகும்.