இளையோரின் டிஜிட்டல் குடிமையும் நலவாழ்வும்

இணையத்தில் ஒருவர் நடந்துகொள்ளும் முறை, அங்கே அவருக்குள்ள உரிமைகள், பிறர்பால் அவருக்குள்ள பொறுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே டிஜிட்டல் குடிமை. அமெரிக்கக் கல்வியாளர் மைக் ரிபிள், ஜெரால்டு பெய்லியுடன் சேர்ந்து 2007இல் வெளியிட்ட நூலில் இதை ஒன்பது கூறுகளாகப் பிரித்தார். உடல்நலமும் மனநலமும் அவற்றில் ஒன்று. அந்தக் கூறு பலரிடம் கண்வலி, கழுத்துவலி, ‘எத்தனை மணி நேரம் போன் பார்த்தாய்?’ என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் தொல்லைக்கு ஆளான பிள்ளை யாரிடமும் வாய்திறக்க முடியாமல் தவிப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

படத்தை வைத்து மிரட்டுவது இதற்குக் கொடிய எடுத்துக்காட்டு. புதுக் கணக்கு ஒன்றிலிருந்து நட்பு அழைப்பு வரும். சில நாள் பேச்சு. ஓர் அந்தரங்கப் படம். அடுத்து, நண்பர்கள் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டோடு பணம் கேட்டுச் செய்தி வரும். பணம் கொடுத்தால் மிரட்டல் ஓயாது, மேலும் கேட்பார்கள். பயத்தில் உரையாடலை அழித்துவிட்டால் சாட்சியமும் போய்விடும். கணக்கின் பெயர், இணைப்பு, செய்திகள் எல்லாவற்றையும் பதிந்து வைத்த பிறகே அந்தக் கணக்கை பிளாக் செய்ய வேண்டும்.

18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்காக அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023இல் ‘டேக் இட் டவுன்’ சேவையைத் தொடங்கியது. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. போனிலேயே அந்தப் படத்துக்குரிய எண்கோவை ஒன்று உருவாகிறது. அது மட்டுமே மையத்துக்குப் போகிறது. இதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அந்தக் கோவையோடு பொருந்தும் படத்தைத் தேடி நீக்கலாம். மறைகுறியாக்கப்பட்ட செய்திகளுக்குள் இது எட்டாது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒருவரின் அந்தரங்கப் படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்லின. 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படியும் குற்றம். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அதை ஃபார்வர்ட் செய்யும் மாணவரும் சட்டத்தின் பிடிக்குள் வருவார். குடிமைப் பாடத்தில் முதலில் சொல்லித்தர வேண்டியது இதுவே.

இன்னோர் ஆபத்தான வீடியோ விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் தனிக் கோளாறாக ஏற்றுள்ளது. அப்பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாதல், பாதிப்பு தெரிந்தும் விடாதிருத்தல் ஆகியவை அடையாளங்கள். நேரக் கணக்கு மட்டும் பார்த்து இதை முடிவுசெய்வதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 முதல் இது உள்ளிட்ட தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கெனத் தனி சிகிச்சைப் பிரிவு நடத்திவருகிறது.

குழந்தைகளின் உரிமைகள் இணையவெளிக்கும் பொருந்தும் என ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2021இல் தன் 25ஆம் பொதுக் கருத்துரையில் தெளிவாக்கியது. மாதவிடாய், மனச்சோர்வு பற்றி வீட்டில் கேட்கக் கூசும் பிள்ளை, நம்பகமான தகவலைத் தேடிப் படிப்பதும் அந்த உரிமையே. ஆஸ்திரேலியாவோ 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. அபராதம் நிறுவனங்களுக்குத்தான்; பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. பொறுப்பை இடம் மாற்றியது நல்ல செயல். ஆனால் கணக்கு மூடப்படும்போது, ஒத்த துயரம் கொண்டவர்களோடு அங்கே பேசிவந்த பிள்ளையின் துணையும் அறுந்துபோகலாம்.

இந்தியாவில் உதவி கேட்க: குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, பணம் பறிபோனால் 1930. பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்கள் பற்றி தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம்.