படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு பத்திரிகை



போன வாரம் கூடலூரிலிருந்து பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள். "சார், எங்க பாட்டி அடிக்கடி நடேசய்யர் நடேசய்யர்னு சொல்லும். யாரு சார் அது?" பாட்டி ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். எனக்கு வெட்கமாகிவிட்டது. நீலகிரியில் முப்பது வருஷம் வரலாறு நடத்தினேன். வகுப்பில் பாதிப் பேர் சிலோனிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகள். அந்தப் பெயரை ஒரு நாள்கூட நான் சொன்னதில்லை. அந்தப் பாடத்தை இன்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோ. நடேசய்யர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர், 1887-இல் பிறந்தவர். தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' என்று வியாபாரிகளுக்கான பத்திரிகை நடத்தினார். அந்த வேலையாக இலங்கைக்குப் போனவர், மலையகத்தில் நம் ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டார். பார்க்க முடியவில்லை! தோட்டம் துரையின் சொத்து. வெளியாள் உள்ளே போனால் அத்துமீறல் வழக்கு. புடவை மூட்டை தூக்கி வருகிறவர்களை மட்டும் விட்டார்கள். ஆகவே ஐயரும் புடவைக்காரர் வேஷத்தில் லயம் லயமாகப் போனார். அங்கே கண்டதை எழுதினார்.

அவர் கண்டதில் ஒன்றை மட்டும் விளக்குகிறேன். அதற்குப் பெயர் 'துண்டு'. ஒரு தொழிலாளி கங்காணிக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று எழுதிய சீட்டு அது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தச் சீட்டில் உள்ள தொகையை யாராவது கட்ட வேண்டும். கட்டுகிற புதுத் தோட்டம் அதை மறுபடியும் அவன் தலையிலேயே எழுதும். கப்பல் கூலியில் ஆரம்பித்த கடன், கல்யாணம், சாவு, அரிசி என்று ஏறிக்கொண்டே போகும். ஆளையே கைமாற்றுகிற காகிதம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1921-இல் இந்த முறையைச் சட்டப்படி ஒழித்தார்கள். கடன் மட்டும் போகவில்லை.

1920-இல் நடேசய்யர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். கொழும்பில் 'தேசநேசன்', பிறகு 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். ஆங்கிலத்திலும் எழுதினார், துரைமாருக்கு உறைக்க வேண்டுமே! கொழும்பில் ஏ.ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்க வேலை செய்தார். பிறகு குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகப் பேச ஆரம்பித்ததும் அந்த உறவு முறிந்தது. 1925-இல் சட்டசபைக்கும் போனார்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. பத்திரிகை தோட்டத்துக்குள் போவதும் சுலபமில்லை. அப்படியானால் யாருக்காக அச்சடித்தார்?

பதில் அவர் மனைவி மீனாட்சியம்மையிடம் இருக்கிறது. அவர் தொழிலாளர் கஷ்டங்களைப் பாட்டாகக் கட்டினார். ஜனங்களுக்குப் பழகிய மெட்டில், கூட்டம் நடக்கும் இடங்களில் அவரே பாடினார். அவற்றைச் சின்னப் புத்தகமாகவும் போட்டார்கள். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' 1940-இல் வந்தது. படிக்கத் தெரியாதவனும் ஒரு தடவை கேட்டால் பாட்டை லயத்துக்குக் கொண்டுபோவான். அதை எந்தத் துரை தடுக்க முடியும்? ஐயரைப் பற்றி எழுதுகிறவர்கள் அம்மாவை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

1931-இல் ஐயர் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் தொடங்கினார். துரைமார் விடவில்லை, சில வருஷத்தில் அது தளர்ந்தது. 1936-இல் ஹட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1939-இல் நேரு வந்தபோது பிறந்த இலங்கை இந்திய காங்கிரஸ் பிறகு வேகமாக வளர்ந்தது. 1947 தேர்தலில் ஐயர் அந்தக் கட்சி வேட்பாளரிடமே தோற்றார். அந்த வருஷ நவம்பரிலேயே இறந்துபோனார்.

அடுத்த வருஷம் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்ட ஜனங்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. உங்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் அந்தக் கணக்கில்தான் கப்பலேறி வந்து, கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலையே பறித்தார்கள்.

அந்த மாணவியிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறேன். பாட்டிக்கு அந்தக் காலத்துப் பாட்டு ஏதாவது நினைவிருந்தால் போனில் பதிந்து அனுப்பச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இரண்டு அடி கிடைத்தாலும் போதும்.

இப்படிக்கு, உங்கள் வரலாற்று வாத்தியார்.