பர்மான்படி ஒரு கோயில்: சுவான்சௌ தமிழ்க் கல்வெட்டும் ‘குடியேற்றம்’ என்ற சொல்லும்

‘இடைக்காலச் சீனாவில் ஒரு தமிழ்க் குடியேற்றம்’. 1978இல் இரா. நாகசாமி பதிப்பித்த தொகுதியில் வந்த தம் ஆங்கிலக் கட்டுரைக்குத் தி. நா. சுப்பிரமணியன் வைத்த தலைப்பின் பொருள் இது. அவர் எழுதியது ‘காலனி’ என்ற சொல். ‘பண்டைத் தமிழ் எழுத்துக்கள்’ எழுதியவர், தென்னிந்தியக் கோயில் கல்வெட்டுகளை மூன்று தொகுதிகளாகத் தந்தவர். சீனத்துக் கல்லில் இருந்த தமிழ் வரிகள் நம் கைக்குக் கிடைத்ததில் அவர் பங்கு பெரிது. அவர் வாசிப்போடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. என் தகராறு தலைப்பிலுள்ள அந்த ஒரு சொல்லோடு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது மேடைப் பேச்சு, மலர்க் கட்டுரை, சுற்றுலாக் குறிப்பு எல்லாவற்றிலும் கல்லைவிடப் பெரிதாக வளர்ந்து நிற்கிறது. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் இரு நாட்டுத் தலைவர்கள் சந்தித்து, தமிழ்நாட்டுக்கும் ஃபூஜியானுக்கும் சகோதர மாநில உறவு என்று பேசிய பிறகு இன்னும் பெருத்துவிட்டது.

கல்லில் இருப்பது சில வரிதான், ஈற்றில் ஒரு சீன வரியோடு. சகாப்தம் 1203ஆவது (1281) சித்திரை மாதச் சித்திரை நாளில், ‘செகசைகான்’ திருமேனி நன்றாக, அவருடைய பர்மான்படி, சம்பந்தப்பெருமாள் ஆன தவச்சக்கரவர்த்திகள், உடையார் திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை ஏறியருளப் பண்ணினார். சாரம் இவ்வளவே. ஊர், சீனத் தென்கிழக்குக் கரையில், அந்த ஃபூஜியானில் உள்ள சுவான்சௌ. அரபியரும் மார்க்கோ போலோவும் ‘சைத்தூன்’ என்று குறித்த துறைமுகம். அந்தப் பெயர், நகரைச் சுற்றி நட்டிருந்த சித்தோங் மரத்தின் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. சித்தோங் வேறொன்றும் இல்லை, நம் கல்யாண முருங்கை. மயிலாப்பூரில் சளிக்கு அடை தட்ட இலை பறிக்கும் அதே முள்மரம். துறையில் இறங்கிய தமிழன் கண்ணில் முதலில் பட்ட சிவப்புப் பூ அவனுக்குப் புதிதாக இருந்திருக்காது.

‘குடியேற்றம்’ என்றதும் நாம் என்ன நினைத்துக்கொள்கிறோம்? தனக்கென ஓர் ஊர், ஊருக்கு ஒரு பெயர், தீர்வை வாங்கும் உரிமை, முடிவெடுக்கும் ஒரு சபை. கடல் கடந்த தமிழ் வணிகர் இப்படி வாழ்ந்ததற்குச் சான்று உண்டு. ஆனால் அது சுவான்சௌவில் இல்லை, சுமாத்திராவில் இருக்கிறது. லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த சகம் 1010 (1088) கல்வெட்டில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பேசுகிறார்கள். அங்கே ஒரு பட்டினம் இருக்கிறது, வேளாபுரம் இருக்கிறது. வரும் கப்பலின் மரக்கல நாயனும் கேவிகளும் கஸ்தூரி விலைக் கணக்கில் பொன் செலுத்திவிட்டுத்தான் பாவாடை ஏற வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. விதி சொல்பவர்கள் தமிழர்கள். பாகனில் 13ஆம் நூற்றாண்டில் மலைமண்டலத்தான் ஒருவன் திருப்பணி செய்த விண்ணகரத்துக்கு நானாதேசி என்றே பெயர். அங்கும் வணிகக் குழு தன் பெயரைப் பதித்துவிட்டது.

சுவான்சௌ கல்லில் ஐந்நூற்றுவர் இல்லை, மணிக்கிராமம் இல்லை. நகரம், தாவளம், பட்டினம் ஆகிய மூன்று சொற்களில் ஒன்றுகூட இல்லை. இல்லாமையை வைத்து வாதிடுவது ஆபத்தானது என்று தெரியும்; சின்னக் கல், எல்லாவற்றையும் எழுத இடமில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இடம் குறைந்த கல்லில் எதை எழுதினார்கள் என்பது இன்னும் கவனிக்கத் தக்கது. செகசைகான் பெயரை இரண்டு முறை எழுதினார்கள். ஒரு முறை அவன் உடல்நலத்துக்காக, ஒரு முறை அவன் அனுமதிக்காக. சொந்தக் குழுவின் பெயருக்கு இல்லாத இடம் மன்னன் பெயருக்கு இருமுறை கிடைத்தது. இது குடியேறி ஆண்டவர்களின் குரலாக எனக்குக் கேட்கவில்லை. விருந்தினராக, உரிமம் பெற்று வாழ்ந்தவர்களின் குரல்.

‘திருமேனி நன்றாக’ என்பது சோழ, பாண்டிய நாட்டுக் கோயில் சுவர்களில் நாம் பழகிய தொடர். தேவதானம் விட்டாலும் விளக்கு வைத்தாலும் அரசன் உடல்நலத்தைச் சொல்லித் தொடங்குவது மரபு. இங்கே அரசன் இருக்கும் இடத்தில் ஒரு மங்கோலியக் கான் வந்து உட்கார்ந்திருக்கிறான். வாசகத்தில் வேறெதையும் மாற்றவில்லை. நம் ஆவணத்தில் அவர்கள் ஆளைச் செருகி எழுதும் இந்தச் சாமர்த்தியத்தை வெளிநாட்டில் வேலை பார்க்கும் எவரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அடுத்தது ‘பர்மான்’. இந்தச் சொல்லில்தான் என் வாதம் நிற்கிறது. மங்கோலியர் தம் ஆணையை ‘யர்லிக்’ என்பார்கள்; சீனருக்கு வேறு சொல். கல்லில் இருப்பது இரண்டும் இல்லை, பாரசீகம். மாலிக் கபூர் மதுரைக்கு வந்தது 1311இல். நம் நாட்டில் பாரசீக ஆட்சிச் சொற்கள் பெருகியது அதற்கும் பின்னால். முப்பது ஆண்டு முன்பே, கடலுக்கு அப்பால், ஒரு சைவத் திருப்பணிக் கல்லில் இந்தச் சொல் எப்படி ஏறியது? அனுமதி வந்த வழி பாரசீகம் பேசியவர்கள் கை வழி என்பதே என் பதில். சுவான்சௌவின் கடல் வாணிப அலுவலகத்தை நடத்திய பூ ஷோகெங் முஸ்லிம் வணிகக் குடும்பத்தான். சோங் அரசைக் கைவிட்டு நகரை மங்கோலியருக்குத் திறந்துவிட்டவன். புதிய ஆட்சியில் துறைமுகம் யார் கையில் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. தமிழன் கானைப் பார்த்திருக்க மாட்டான். கானுடைய பெயரால் முத்திரை வைக்கும் பாரசீக எழுத்தனைப் பார்த்திருப்பான். மறுப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காயல் துறையில் அரபு, பாரசீக வணிகர் ஏற்கெனவே நிறைய இருந்தார்கள். ‘பர்மான்’ அங்கேயே கப்பலோடு ஏறியிருக்கலாம். அப்படியானால் என் வாதம் பாதி பலம் இழக்கும். முழுவதும் இழக்காது.

செகசைகான் யார்? ஒலியை மட்டும் கேட்டால் சகதாய் நினைவுக்கு வருகிறான். ஆனால் சகதாய் 1240களின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டான். அவன் நாடு மத்திய ஆசியா. 1281இல் அவன் திருமேனி நலத்துக்காக யாரும் வேண்டியிருக்க முடியாது. ஆகவே அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசன் குப்ளாய்தான், அவனுடைய ‘செச்சென் கான்’ (அறிவிற் சிறந்த கான்) என்ற பட்டம்தான் தமிழ் வாயில் இப்படித் திரிந்தது என்று கொள்வது பொருத்தம். நானும் அப்படியே கொள்கிறேன், ஆனால் முழு நிம்மதியோடு அல்ல. யுவான் வரலாறு இந்தப் பட்டத்தை 1294இல், அவன் இறந்த பிறகு சூட்டிய பெயராகச் சொல்கிறது. பதிமூன்று ஆண்டுக்கு முன் சுவான்சௌவில் ஒரு தமிழ்க் கல்லில் அது எப்படி வந்தது? உயிரோடு இருக்கும்போதே அப்படி அழைக்கப்பட்டிருக்கலாம். பட்டயம் எழுதும் வழக்கம் பேச்சு வழக்கத்தின் பின்னால்தான் வரும். அப்படியானால் அந்தப் பட்டத்தின் ஆரம்பச் சான்றுகளில் ஒன்று தமிழில் இருக்கிறது. ஒலியில் நெருடும் அந்த நடுக் ககரத்துக்கு என்னிடம் விளக்கம் இல்லை.

ஆண்டும் அவ்வளவு கெட்டியானதல்ல. 1281 என்று நாம் எழுதுவது சகாப்தத்தைக் கழிந்த ஆண்டாகக் கணக்கிட்டு. ‘1203ஆவது’ என்பதை நடப்பு ஆண்டாக எடுத்தால் 1280 ஆகிவிடும். தமிழ்க் கல்வெட்டுகளில் ‘ஆவது’ வந்தாலும் கழிந்த ஆண்டாகவே கொள்வது பெருவழக்கு. ஆகவே 1281இல் நிற்பது நியாயம். சித்திரையில் சித்திரை நாள் முழுநிலவையொட்டி வரும், நாம் சித்திரா பௌர்ணமி என்று கொண்டாடும் நாளை ஒட்டி.

1281 சரியென்றால் ஒரு வியப்பான ஒத்துவரவு. அதே ஆண்டின் சீன முதல் மாதத்தில் யாங் திங்பி என்ற தூதன் சுவான்சௌவிலிருந்து கொல்லத்துக்குப் புறப்பட்டான். மூன்று மாதம் கடலில் அலைந்து இலங்கையை அடைந்தான். காற்று எதிராகி, உணவும் குறைய, மாலுமிகள் சொல்படி நான்காம் மாதம் மாபாரில், அதாவது நம் பாண்டிக் கரையில், இறங்கினான். சுவான்சௌவில் சிவன் ஏறியருளிய சில வாரங்களுக்குள் சுவான்சௌக் கப்பல் பாண்டிக் கரையைத் தொட்டிருக்கிறது. பர்மான் கிடைத்ததற்கும் தூதுக்கும் தொடர்பு உண்டா? மாபாரோடு உறவு தேடிய அரசு மாபாரார் கோயிலுக்கு இணங்குவது இயல்பு. கையில் பத்திரம் இல்லை. ஆனாலும் இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இறைவன் பெயரிலும் ஒரு சிக்கல். ரோமன் எழுத்தில் அச்சான வாசிப்புகளில் தகரத்துக்கும் டகரத்துக்கும் பல இடங்களில் ஒரே எழுத்து. அதைத் திருப்பித் தமிழில் எழுதியவர்கள் ‘கடலீசுவரம்’ என்று ஆக்கிக் கடல் வணிகருக்குக் கடல் தெய்வம் என்று அழகாகப் பொருள் சொல்லிவிடலாம். அழகாக இருப்பதாலேயே நான் அஞ்சுகிறேன். 13ஆம் நூற்றாண்டுக் கல்லில் இந்த இரண்டு எழுத்தும் குழம்பக்கூடியவை அல்ல. ‘கதலி’ வாழை. திருப்பைஞ்ஞீலியில் ஞீலி வாழைதான் தலமரம். வாழையின் பெயரால் ஈசனை அழைப்பது நமக்குப் புதிதில்லை. ஊர்க் கோயிலின் பெயரை அப்படியே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ‘ஏறியருளப் பண்ணினார்’ என்பதை ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த உற்சவ மூர்த்தி என்று நீட்டிப் படிக்கவும் ஆசை வருகிறது. வினை ஒன்றைத் தவிர ஆதாரமில்லை. கட்டடச் சிற்பங்கள் உள்ளூர்க் கல்லில், சீனச் சிற்பிகள் கைபட்டு வந்தவை.

சுப்பிரமணியன் பக்கமும் நியாயம் இருக்கிறது. எழுந்தருளுவித்தவர் வணிகர் அல்ல, ‘தவச்சக்கரவர்த்திகள்’ என்ற அடைமொழி கொண்ட ஒரு துறவி. அவருக்குச் சோறு போட ஆட்கள் வேண்டும்; நித்திய பூசைக்குப் பருவக்காற்றுக்கு வந்துபோகும் மாலுமிகள் போதாது. 1077இல் சோழர் தூதாக 72 பேர் போய் 81,800 சரம் செப்புக் காசு பெற்று வந்தார்களே, அப்படித் திரும்பிவிடும் கூட்டம் இது இல்லை. 1225இல் வாணிப அலுவலர் சௌ ருகுவா மலபார்க் கரையைச் சேர்ந்த தந்தையும் மகனும் சுவான்சௌ நகரின் தெற்கே குடியிருந்ததைக் குறிக்கிறார். கோயிலுக்கு அரை நூற்றாண்டு முன்பே வீடுகள் இருந்தன. கொரிய வரலாறு 1298இல் சொல்லும் இன்னொருவர்: தன் அரசனோடு மனக்கசப்பாகி மாபாரிலிருந்து வந்து சுவான்சௌவில் தங்கிய போகாலி. கொரிய மன்னனுக்கு அகிலும் துணியுமாகப் பரிசு அனுப்பும் அளவுக்கு வசதி. குப்ளாய் அவருக்குக் கொரியப் பெண் ஒருத்தியை மணம் செய்துவைத்தான். தந்தையும் மகனும், துறவி, ஊரைவிட்டு வந்த போகாலி எல்லோரும் வாழ்ந்தவர்கள்தான். வாழ்ந்தார்கள் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் எல்லோரும் ஏதோ ஓர் அனுமதியின் கீழ்தான் வாழ்ந்தார்கள். ‘காலனி’ இதைத்தான் மறைக்கிறது.

அனுமதி தந்தவன் போனால் என்ன ஆகும் என்பதும் அந்த ஊரிலேயே தெரிந்தது. 1357 முதல் 1366 வரை ‘இஸ்பா’ எனப்பட்ட பாரசீகப் படையினர் நகரைப் பிடித்துவைத்துக்கொண்டு தமக்குள்ளும் அரசோடும் சண்டையிட்டார்கள். முடிவில் சென் யௌதிங் படை நுழைந்தது, அயல்நாட்டார் கொல்லப்பட்டார்கள். சிவன் கோயிலும் அப்போதே இடிந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் ஐயம். பழி விழுந்தது மேற்காசியரின் மேல்; தமிழர் அப்போது எத்தனை பேர் இருந்தார்கள், கோயில் பூசையில் இருந்ததா என்பதற்குச் சான்றில்லை. அதற்குள் தானே வற்றிப்போன கோயிலாகவும் இருக்கலாம். நமக்குத் தெரிந்தது கற்கள் பிறகு எங்கே கிடைத்தன என்பது மட்டும். நகர மதில் 1930களின் இறுதியில் இடிக்கப்பட்டபோது உள்ளிருந்து வெளிவந்தன. ஊர்ப் பள்ளி ஆசிரியர் வூ வென்லியாங் அவற்றைத் தேடிச் சேர்த்து 1957இல் நூலாக்கினார். மதிலுக்குள் போன கல் வன்முறையில்தான் இடிந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. கல்லுக்கு அலைபவன் பாழடைந்த கோயிலையும் விடமாட்டான்.

கையுவான் பௌத்தக் கோயிலின் பெருமண்டபம் 1357இல் எரிந்து, மிங் காலத் தொடக்கத்தில் மறுபடி எழுந்தது. அதன் பின்புறம் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார், யானைக்கு மோட்சம் கிடைக்கிறது, கண்ணன் மருத மரங்களைச் சாய்க்கிறான். அடித்தளத்தில் மனித முகச் சிங்கங்கள் 73 பலகைகளில். சிவன் கோயிலில் விஷ்ணு தூண்களா, இல்லை சுவான்சௌவில் இரண்டு கோயில்கள் இருந்தனவா? அவை மண்டபத்துக்கு வந்தது 14ஆம் நூற்றாண்டுத் திருப்பணியிலா, 17ஆம் நூற்றாண்டில் கடல்தளபதி செங் சிலோங் காலத்துத் திருப்பணியிலா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. முன்னதென்றால் கோயில் இஸ்பா கலகத்தோடு ஒழிந்தது என்பவர்களுக்கு வலு கூடும். பின்னதென்றால் இடையில் இருநூறு ஆண்டுக்கு மேல் அந்தத் தூண்கள் எங்கே இருந்தன என்று கேட்க வேண்டியிருக்கும். ஊருக்குத் தெற்கே சேதியான் கிராமத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் சிவன் கோயில் காலத்து இந்துத் தெய்வக் கற்சிலை ஒன்று இருக்கிறது. அதற்கு நாள்தோறும் ஊதுவத்தி ஏற்றும் கிராமத்தார் பௌத்தத் தெய்வமான குவான்யின் என்றே கும்பிடுகிறார்கள்.