டெல்லியில் பப் உலா

வழிகாட்டி ஒருவரின் பின்னால் பத்து இருபது பேர் கூட்டமாகச் சேர்ந்து, ஒரே இரவில் மூன்று நான்கு மதுக்கூடங்களுக்கு அடுத்தடுத்துப் போய்வருவது பப் உலா. பிரிட்டனில் கல்லூரி மாணவர்களும் நண்பர் குழுக்களும் தாங்களாகவே நடத்திவந்த பழக்கம் இது. 1990-களுக்குப் பிறகு ஐரோப்பாவில் விமானக் கட்டணம் குறைந்தது. முதுகுப்பையோடு ஊர் சுற்றும் இளைஞர்கள் ப்ராக், பெர்லின், பார்சிலோனா என்று குவியத் தொடங்கினர். அப்போதுதான் கட்டணம் வாங்கி, கையில் பட்டை கட்டி, வழிகாட்டியோடு அனுப்பும் தொழிலாக இது மாறியது. தொழில் பெருத்ததும் அந்த ஊர்க்காரர்களின் தூக்கம் கெட்டது. பார்சிலோனா தன் பழைய நகரப் பகுதியில் 2012-ல் இதற்குத் தடை போட்டது. ப்ராக் நகர மன்றம் 2024-ல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வழிகாட்டியோடு நடத்தும் பப் உலாக்களைத் தடைசெய்தது.

டெல்லியில் இந்த உலாவை நடத்துபவை பெரும்பாலும் இளைஞர் விடுதிகளும் சிறு பயண நிறுவனங்களும்தான். உலாவுக்குத் தோதான இடமாகப் பெயர் பெற்றது தெற்கு டெல்லியின் ஹௌஸ் காஸ் கிராமம். இந்த நகரத்தில் குடிக்கும் இடங்கள் எங்கே அமைய வேண்டும், எத்தனை மணிக்கு மூட வேண்டும், யார் ஊற்றலாம், யார் குடிக்கலாம் என்பதையெல்லாம் குடிப்பவர்களின் விருப்பத்தைவிடச் சட்டமே தீர்மானித்து வந்திருக்கிறது. டெல்லி இரவுகளின் வரலாறு என்பது கிட்டத்தட்ட அந்தச் சட்டங்களின் வரலாறுதான்.

குளம் வெட்டியவரின் மதுவிலக்கு

இந்தக் கிராமத்தை ஒட்டிய ஹௌஸ் காஸ் குளத்தை வெட்டியவர் அலாவுதீன் கில்ஜி (ஆட்சி 1296–1316). தான் கட்டிய சிரி கோட்டை நகருக்குத் தண்ணீர் தரவே அதை வெட்டினார். அதே சுல்தான் டெல்லியில் மதுவையும் தடைசெய்தார். அடுத்தடுத்துக் கலகங்கள் எழுந்தபோது, காரணம் என்ன என்று அவர் ஆலோசகர்களைக் கேட்டார். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று மது விருந்து. அமீர்கள் கூடிக் குடிக்கும் இடத்தில்தான் மனம் திறந்து பேசுகிறார்கள், சதி அங்கேதான் முளைக்கிறது என்றார்கள். சுல்தான் தன் அரண்மனையின் மதுக் குடங்களை பதாயூன் வாசலுக்குக் கொண்டுவந்து கொட்டச் செய்தார். மழைக்காலம் போல அங்கே சேறாகிவிட்டது என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணி. பிடிபட்டவர்களை அடைக்கக் குழிகள் தோண்டப்பட்டன.

அப்படியும் குடி நிற்கவில்லை. கடைசியில் சுல்தான் இறங்கி வந்தார். வீட்டிலேயே காய்ச்சித் தனியாகக் குடித்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது, கூட்டம் கூட்டி விருந்து நடத்தக் கூடாது. அவரைப் பயமுறுத்தியது குடியல்ல, குடிக்கக் கூடும் கூட்டம். அதே குளக்கரையில் இன்று கூட்டமாகக் குடிக்கப் போவதற்குச் சீட்டு விற்கிறார்கள் என்று பரணியிடம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

தூர்ந்துபோன குளத்தை ஃபிரோஸ் ஷா துக்ளக் (1351–1388) தூர்வாரினார். கரையில் மதரசா ஒன்றை எழுப்பினார். அவருடைய கல்லறையும் அங்கேயே இருக்கிறது. 1398-ல் டெல்லியைச் சூறையாடிய தைமூர் இந்தக் கரையில் தங்கினார். பிறகு சில நூற்றாண்டுகள் இடிபாடுகளைச் சுற்றி ஆடு மாடு மேய்ந்தன, உழவர்களின் ஊர் ஒன்று வளர்ந்தது.

கன்னாட் பிளேஸிலிருந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு

நவீன டெல்லியின் இரவு கன்னாட் பிளேஸில் தொடங்குகிறது. ராபர்ட் டோர் ரஸ்ஸல் வடிவமைத்த இந்த வட்டக் கடைவீதி 1929-ல் தொடங்கி 1933-ல் எழுந்து முடிந்தது. யுனைடெட் காபி ஹவுஸ் (1942), கேலார்ட் (1952) போன்ற உணவகங்களுக்கு மாலையில் கோட்டு போட்டுப் போவது ஒரு தலைமுறையின் வழக்கம். மேடையில் வாத்தியக் குழு வாசிக்க, மேசைக்கு மேசை அரசியலும் வியாபாரமும் நடந்தன. 1970-களில் ரீகல் கட்டடத்தின் அடித்தளத்தில் செல்லர் என்ற டிஸ்கோ இருந்தது. ஓபராய் ஓட்டலில் தபேலா, மௌர்யாவில் குங்க்ரூ என்று அடுத்து நட்சத்திர ஓட்டல்கள் நடனத்தளங்களைத் திறந்தன. அங்கே நுழைய ஆங்கிலமும் பணமும் இரண்டுமே வேண்டியிருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கார் இல்லாமல் போக முடியாது. கால்நடையாக உலா என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

நடந்து சுற்ற இடம் கொடுத்தது புது டெல்லி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பஹாட்கஞ்ச். ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாக வந்த ஹிப்பிகள் இங்கேதான் தங்கினார்கள். 1979-ல் ஈரானியப் புரட்சியாலும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததாலும் அந்தப் பாதை அடைபட்டது. ஆனாலும் மலிவு அறை, மலிவு பீர் என்ற பெயர் பஹாட்கஞ்சுக்கு ஒட்டிக்கொண்டது. மெயின் பஜாரின் மாடிப் பார்களில் இஸ்ரேல்காரரும் ஜப்பான்காரரும் உள்ளூர்க் கல்லூரிப் பையன்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

1999, ஏப்ரல் 29 இரவு

டெல்லியின் இரவு வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர் இந்த இரவைத் தாண்டிப் போக முடியாது. மெஹ்ரௌலியில் குதுப் மினார் பக்கத்தில், குதுப் கொலனேட் என்ற பழைய கட்டடத்தில் டாமரிண்ட் கோர்ட் என்ற உணவகம் இருந்தது. மது உரிமம் இல்லை. வியாழக்கிழமை விருந்துகளில் கூப்பன் முறையில் மது பரிமாறினார்கள். நள்ளிரவு தாண்டி, பார் மூடியாகிவிட்டது என்று சொன்ன, அன்று அங்கே மது பரிமாறிய ஜெசிகா லால் என்ற மாடல் பெண்ணை மனு சர்மா சுட்டுக் கொன்றான். அவன் செல்வாக்குள்ள அரசியல்வாதியின் மகன். சாட்சிகள் பிறழ்ந்தனர். 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. நாடே கொதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2010-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உரிமமில்லாத விருந்துகளின் மேல் காவல்துறையின் கண் திரும்பியது இந்தக் கொலைக்குப் பிறகுதான்.

ஜெசிகா செய்த வேலைக்குள்ளேயே ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. டெல்லிக்கும் பொருந்திய 1914-ம் ஆண்டு பஞ்சாப் கலால் சட்டத்தின் 30-வது பிரிவு, மது பரிமாறும் இடத்தில் பெண்களையும் 25 வயது நிரம்பாத ஆண்களையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஓட்டல் சங்கம் வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் 2006-ல் அந்தப் பிரிவை ரத்துசெய்தது. அனுஜ் கார்க் வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பெண்ணைப் பாதுகாப்பதாகச் சொல்லி அவள் வேலையைப் பறிப்பது பாதுகாப்பல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இன்று டெல்லியில் பெண்கள் பார்டெண்டராக நிற்பதற்குக் காரணம் இந்த வழக்குதான். டெல்லி இரவைப் பற்றிய பேச்சில் இது அதிகம் அடிபடுவதில்லை என்பது வியப்பு.

சிவப்புக் கோட்டுக்குள் ஒரு கிராமம்

ஹௌஸ் காஸ் கிராமம் எப்படி மதுக்கூடங்களின் தெருவானது என்பதற்கு விடை வருவாய்த்துறை வரைபடத்தில் இருக்கிறது. கிராமக் குடியிருப்பு எல்லையைச் சிவப்புக் கோட்டால் குறிக்கும் வழக்கம் 1908 முதல் உண்டு. லால் டோரா என்பார்கள். நகரம் சுற்றிலும் வளர்ந்து கிராமங்களை விழுங்கியபோது, இந்தக் கோட்டுக்குள் இருந்த வீடுகளுக்குக் கட்டட விதிகளிலிருந்து 1963-ல் விலக்குக் கிடைத்தது. வரைபட அனுமதி வேண்டாம் என்றால் மாடி மேல் மாடி எழும்பத்தானே செய்யும்?

1980-களின் பிற்பகுதியில் ஆடை வடிவமைப்பாளர் பீனா ரமணி இங்கே கடை வைத்தார். பின்னாளில் டாமரிண்ட் கோர்ட்டை நடத்தியவரும் அவர்தான். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் விலையுயர்ந்த ஆடைகள் விற்கும் விநோதத்தைப் பார்க்கப் பணக்காரர்கள் வந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த மோகம் தணிந்தது. குளமும் எப்போதோ வறண்டிருந்தது. 2000-களின் தொடக்கத்தில் வசந்த் குஞ்ச் சுத்திகரிப்பு நிலையத்து நீரைக் கொண்டுவந்து அதை மறுபடி நிரப்பினார்கள். 2010-ல் காமன்வெல்த் போட்டிக்கு முன்பாக மஞ்சள் தட மெட்ரோ இந்தப் பக்கம் வந்தது. கிரீன் பார்க் நிலையத்தில் இறங்கினால் கிராமம் எட்டும் தூரம். வாடகை குறைவு, மெட்ரோ பக்கம், ஜன்னலைத் திறந்தால் குளமும் துக்ளக் காலத்து மாடங்களும். கலைஞர்களும் புத்தகக் கடையும் காபிக் கடையும் முதலில் வந்தார்கள். அவர்கள் தந்த அழகில் பார்கள் வந்தன. பார்கள் வந்ததும் வாடகை ஏறி, முதலில் வந்தவர்கள் வெளியேறினார்கள்.

உலாவுக்கு இந்தத் தெருவைவிடத் தோதான இடம் டெல்லியில் இல்லை. வண்டிகள் வெளியிலேயே நின்றுவிடும். ஒரே பிரதானச் சந்து. அது நினைவுச் சின்னத்தின் வாசலில் போய் முடிகிறது. ஒரு கட்டடத்தில் மாடிக்கு ஒரு பெயர்ப்பலகை. தலைக்கு மேல் மின்கம்பிச் சிடுக்கு. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டு, அதன் அடியில் ஒரு பவுன்சர். விடுதிக் குழுக்கள் இங்கே இரவு எட்டு ஒன்பது மணிக்கு மேல் வரும். வழிகாட்டி ஏற்கெனவே பேசிவைத்த பாரில் கவர் சார்ஜ் இல்லாமல் உள்ளே விடுவார்கள். முதல் ஷாட் கட்டணத்தில் சேர்ந்தது. ஒரு மணி நேரம் போனதும் வழிகாட்டி கை தட்டி அடுத்த படிக்கட்டுக்கு அழைப்பார். ஜோத்பூரில் 2013-ல் தொடங்கிய ஸோஸ்டல் போன்ற விடுதிகள் பெருகிய பிறகு, தனியாக வரும் இந்திய இளைஞர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

அவர்கள் சேர இன்னொரு காரணமும் உண்டு. பெண் துணை இல்லாத ஆண்களை டெல்லியின் பல கிளப்புகள் உள்ளே விடுவதில்லை. ‘ஸ்டேக் என்ட்ரி’ கிடையாது என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுவோடு போனால் அந்தத் தடை விலகும். 2012 டிசம்பர் 16-ல் ஓடும் பேருந்தில் நடந்த கூட்டு வன்கொடுமைக்குப் பிறகு, இருட்டியபின் டெல்லியில் தனியே நடக்கத் தயங்கும் பெண்களுக்கும் குழு ஒரு துணை. டெல்லியில் இந்த உலா நிலைக்க முக்கியக் காரணம் குடி மோகமல்ல, வாசலிலும் வீதியிலும் உள்ள இந்த நெருக்கடிகள் என்பதே சரி.

கிராமத்தின் மேல் நீதிமன்றங்களின் பார்வை விழ அதிக நாள் ஆகவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி இல்லாமல் நடந்த முப்பதுக்கும் மேற்பட்ட உணவகங்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நடந்த வழக்கால் 2013 செப்டம்பரில் மூடப்பட்டு, நிபந்தனைகளோடு திறந்தன. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தில் இத்தனை சமையலறைகளா என்ற கேள்வி 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சமையலறைகளைச் சீர்படுத்தலாம், சந்தினை அகலப்படுத்த முடியாது. அந்த ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

எல்லை தாண்டினால்

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வழக்கின் மூலம் தமிழ்நாடு: வழக்கறிஞர் கே. பாலு தொடுத்தது. டாஸ்மாக் கடைகளை நோக்கி எறிந்த கல் 2017 ஏப்ரலில் டெல்லியை ஒட்டிய குருகிராமின் சைபர் ஹப் பார்களையும் தாக்கியது. பார்காரர்கள் வாசலை மாற்றி, சுற்றுப்பாதை போட்டு, நடக்கும் தூரத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

2021 நவம்பர் 17-ல் டெல்லி அரசு புதிய கலால் கொள்கையைக் கொண்டுவந்தது. சில்லறை விற்பனையிலிருந்து அரசு முற்றாக விலகியது. பார்கள் அதிகாலை 3 மணி வரை இயங்கலாம் என்ற வாக்குறுதியும் இருந்தது. ஓராண்டு முடிவதற்குள் கொள்கை வாபஸானது. முறைகேடு வழக்கில் அப்போதைய துணை முதல்வர் மணீஷ் சிசோடியா 2023 பிப்ரவரியிலும், அப்போதைய முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவால் 2024 மார்ச்சிலும் கைதாகி, பின்னர் ஜாமீனில் வந்தார்கள். குடிக்கும் வயதை 25-லிருந்து 21-ஆகக் குறைக்கும் அறிவிப்பும் இந்தக் குழப்பத்தில் நடைமுறைக்கு வரவில்லை.

எனவே உலாவில் சேர நினைக்கும் தமிழ் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. 2009-ம் ஆண்டு டெல்லி கலால் சட்டப்படி 25 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. விடுதியில் பணம் கட்டிவிட்டால் அது மாறாது. வயதுச் சான்று கையில் இருக்க வேண்டும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை கட்டாய ட்ரை டே. கடைசி மெட்ரோ நள்ளிரவுக்கு முன்பே போய்விடும், பார்களோ அதற்குப் பிறகும் திறந்திருக்கும். திரும்பும் வண்டியை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 21 வயதில் சட்டப்படி குடிக்கலாம் என்ற பழக்கத்தில் ஹௌஸ் காஸுக்குப் போகும் 22 வயதுக்காரருக்கு அங்கே சட்டப்படி எலுமிச்சை சோடாதான். அதே மஞ்சள் தட ரயிலில் தொடர்ந்து போனால் ஹரியானாவின் குருகிராம் வருகிறது. அங்கே 2021 டிசம்பரில் திருத்திய சட்டப்படி வயது வரம்பு 21.